அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிட்டேனா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அப்பாவுக்கு 67 வயது. ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை கிடையாது, பிரஷர் உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, வாசலில் இருந்த பால் பாக்கெட்டை எடுத்துவந்து கொடுத்தவர், ஆறு மணிக்குப் பார்த்தால் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்திருந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது, பேச்சு குழறிப் பிறகு நின்றே போனது. அம்மா சூடாகக் காபி கொடுத்துப் பார்த்தார். பாதி வாயோரம் வழிந்தது. ஆட்டோ பிடித்துப் பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போனால் அங்கே ஸ்கேன் இல்லை. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழரை.

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று சொல்லி, அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்தார்கள். அப்போது இன்னொரு டாக்டர் வந்தார். "வழக்கமான சிகிச்சை எல்லாமே கொடுக்கிறோம். அதோடு கூடுதலாக ஒரு மருந்து கொடுத்தால் பலன் இருக்குமா என்று ஓர் ஆய்வு நடக்கிறது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் சலைன். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும், எங்களுக்கே தெரியாது" என்றார். தமிழில் அச்சடித்த 16 பக்கப் படிவம். வாசகி முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் பெங்களூரிலிருந்து அண்ணன் வந்தார். "மூத்த பிள்ளை நான் இருக்கேன், கையெழுத்துப் போட உன்னை யார் சொன்னா? அப்பாவைச் சோதனை எலி ஆக்கிட்டியே!" அன்றிலிருந்து அண்ணன் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. சொல்வது எல்லாம் புரிகிறது, பதிலுக்கு நாலைந்து சொற்கள்தான் வருகின்றன. அண்ணன் போலீஸில் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். வாசகியின் வருத்தம் வேறு: "புது மருந்து கிடைக்கும் என்று நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன். உப்புத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் அது ஏமாற்று வேலை இல்லையா?" படிவத்தின் நகல் வீட்டு பீரோவில் இருக்கிறதாம். எடுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஆய்விலிருந்து விலகலாமா, விலகினால் சிகிச்சை நின்றுவிடுமா, இழப்பீடு உண்டா, கம்பி விட்டுக் கட்டியை இழுக்கும் சிகிச்சையை ஏன் செய்யவில்லை என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்விகள் பல இருந்தாலும், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: நான் போட்ட கையெழுத்தால்தான் அப்பாவின் கை போனதா? நீங்கள் எழுதியிருக்கும் வரிசைப்படி பார்த்தால், இல்லை. கட்டியைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்த பிறகுதான் ஆய்வுப் பேச்சே வந்திருக்கிறது. அன்று காலை அவருக்குக் கிடைத்தே ஆகவேண்டிய சிகிச்சை அந்த ஊசி. அது உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் முடியாது என்று சொல்லியிருந்தாலும் அதே ஊசி, அதே ஸ்ட்ரோக் (பக்கவாத) வார்டு, அதே பிசியோதெரபிதான் நடந்திருக்கும்.

"ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோயும் கை சரியாகலைன்னா அந்த மருந்துதான் காரணம்" என்று அண்ணன் வாதாடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ரோக்கில் கணக்கு அப்படி வராது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் ஒரு கணிப்பு வெளியானது. அதனால் ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தது நல்ல நேரம்தான் என்றாலும், அதற்குள்ளேயே ஓரளவு சேதம் நடந்து முடிந்திருக்கும். கரைக்கும் ஊசிக்கு வழி திறந்துவிட்டது 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. அதில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மூன்று மாதத்தில் பெரிய குறையில்லாமல் தேறும் வாய்ப்பு, மற்றவர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. வாய்ப்புதான் கூடியது, எல்லோரும் தேறிவிடவில்லை. ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தக்கசிவும் ஏற்பட்டது. போடாதவர்களில் அது 0.6 சதவீதம். இந்த ஆபத்தையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் இன்று உலகம் முழுவதும் அந்த ஊசியைப் போடுகிறோம். உங்கள் அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார், சொன்னது புரிகிறது என்பது அந்தக் காலைப் பொழுதுக்கு நல்ல முடிவு என்றே நான் சொல்வேன்.

அந்த 1995 ஆய்வில் 624 பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஏற்றப்பட்டது போலி மருந்து, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத ஊசி. அவர்களுக்காகவும் யாரோ ஒரு மனைவியோ மகளோ ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உங்கள் அப்பாவின் கையில் அன்று ஏறிய ஊசி அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

உப்புத் தண்ணீர் என்ற கோபம்

நீங்களும் அண்ணனும் எதிரெதிர்ப் பக்கம் நின்று சண்டை போடுகிறீர்கள். ஆனால் இருவரும் நம்பிக்கொண்டிருப்பது ஒன்றையேதான்: அந்தக் குப்பியில் இருப்பது நல்லதா கெட்டதா என்று டாக்டர்களுக்கு முன்பே தெரியும். ஆபத்து என்று தெரிந்தே கொடுத்தார்கள் என்கிறார் அவர். நல்லது என்று தெரிந்தும் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விட்டார்கள் என்கிறீர்கள் நீங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று உறுதியாகத் தெரிந்திருந்தால் அந்த ஆய்வுக்கு அனுமதியே கிடைத்திருக்காது. யாருக்கும் தெரியாது என்பதால்தான் ஆய்வு.

இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அவசர சிகிச்சைத் துறையில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. தலையில் அடிபட்டு மயக்கமாக வருகிறவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கம் பல நாடுகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற எண்ணம். காரணம் கேட்டால் பாடப் புத்தகம் போலச் சொல்லலாம், அவ்வளவு தர்க்கமாக இருந்தது. கடைசியில் 'கிராஷ்' என்ற பன்னாட்டு ஆய்வில் 10,008 நோயாளிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் பாதிப் பேருக்குப் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். போலி மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று நம்பிக் கொடுத்த மருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆய்வை அதோடு நிறுத்தினார்கள், தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போடும் பழக்கமும் கைவிடப்பட்டது. "என் மகனுக்கு வெறும் போலி மருந்தா?" என்று அன்று கோபப்பட்டிருக்கக்கூடிய பெற்றோரின் பிள்ளைகள்தான் பிழைக்க அதிக வாய்ப்புப் பெற்றவர்கள்.

அதே குழுவினர் அடுத்து எடுத்துக்கொண்டது டிரானெக்சாமிக் அமிலம். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனால் எழுதிக் கொடுப்போமே, அந்த மருந்து. 1960-களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது. விபத்தில் அடிபட்டு ரத்தம் போகிறவர்களுக்கு இது உதவுமா என்று 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடந்தது. இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. 2010-ல் வந்த முடிவின்படி இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. இந்த முறை மருந்து பெற்றவர்கள் பக்கம் அதிர்ஷ்டம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதற்குப் பிறகு கொடுத்தால் கெடுதல் செய்யலாம் என்று அடுத்த ஆண்டு அந்தத் தரவை அலசியபோது தெரிந்தது. விலை குறைந்த, எல்லா ஊரிலும் கிடைக்கும் மருந்து. இன்று ஜி.எச். கேஷுவால்ட்டியிலும் அதைப் போடுகிறார்கள்.

சலைனே எமனாகவும் முடியும். கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. பணக்கார நாடுகளின் வழக்கப்படி வேகமாக டிரிப்ஸ் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10 சதவீதத்துக்கும் மேல். அப்படி வேகமாக ஏற்றாமல் சிகிச்சை பெற்றவர்களில் 7.3 சதவீதம். லண்டனிலும் சிகாகோவிலும் சரியாக இருந்தது அங்கே சரியாக இல்லை. நம் ஆட்களின் உடம்பு, நாம் மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரம், நம் ஊர் வசதி, இவற்றை வைத்து ஆய்வு இங்கேயும் நடந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி இங்கேயே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு நோயாளியைச் சின்ன மருத்துவமனை, ஆம்புலன்ஸ், ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனை என்று ஒரே சங்கிலியில் இணைத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் பார்த்தார்கள். கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது 2017-ல் வெளியானது. அதில் புது மருந்து எதுவும் கிடையாது. ஈ.சி.ஜி. எங்கே எடுப்பது, யாருக்கு அனுப்புவது, யார் யாரை எங்கே கொண்டுபோவது என்ற ஏற்பாடுதான். ஆய்வு என்றாலே ஊசியும் எலியும் என்று அண்ணனுக்கு ஒரு படம் மனதில் இருக்கிறது. இதை அவருக்குச் சொல்லுங்கள்.

பீரோவில் இருக்கும் பதினாறு பக்கம்

இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். பயப்பட அதில் ஒன்றும் இல்லை, உங்கள் உரிமைகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

முதல் பக்கத்தில் ஆய்வின் பெயருக்குக் கீழே சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். 2007-ல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் அது. அரசு அனுமதி பெற்று நடக்கும் மருந்து ஆய்வுகளை 2009 ஜூன் முதல் அங்கே பதிவு செய்தே ஆகவேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. எண்ணைப் போட்டால் ஆய்வை நடத்துவது யார், பணம் கொடுப்பது யார், எந்தெந்த மருத்துவமனைகள், எத்தனை பேர் என்று வந்துவிடும். எண் இல்லையென்றால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு எந்தப் பதிப்பைப் படித்து அனுமதித்ததோ அதையேதான் உங்களிடம் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத சாதாரணக் குடிமகன் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். குழுச் செயலாளரின் போன் நம்பரும் படிவத்திலேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த நம்பருக்குப் பேசுவதே இல்லை. நீங்கள் பேசுங்கள்.

பிறகு கையெழுத்துப் பக்கம். உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியோடு மணியும் எழுதியிருக்கிறதா? இதைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். அப்பாவின் கேஸ் ஷீட்டில் நர்ஸ் எழுதும் மருந்து அட்டவணையில் ஆய்வு மருந்து ஏறிய மணி இருக்கும். கையெழுத்து எட்டேகால், மருந்து எட்டரை என்றால் சரி. மருந்து எட்டு மணிக்கே ஏறியிருந்து கையெழுத்து எட்டேகால் என்றால், அது கடுமையான விதிமீறல், அண்ணனின் கோபத்துக்கு நியாயம் உண்டு. கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி.

மூத்த மகன்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நோயாளியால் சொல்ல முடியாதபோது சட்டப்படி ஏற்கத்தக்க உறவினர் சம்மதம் தரலாம். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு இருக்கும் தகுதி, பக்கத்தில் நிற்கும் மகளுக்கும் உண்டு. இந்த விஷயத்தில் நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. அப்பா வாய் கோணிக் கிடக்கும்போது மகள் கையில் 16 பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதை முழுமையான சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நேரத்தில் யாராலும் படிக்க முடியாது. அமெரிக்காவில் 1996 முதல், சம்மதம் கேட்கவே நேரமில்லாத உயிர் ஆபத்து நிலைகளுக்கென்று கடுமையான நிபந்தனைகளோடு தனி விதி வைத்திருக்கிறார்கள். அதற்கும் அங்கே எதிர்ப்பு உண்டு. நம் ஊரில் என்ன செய்யலாம் என்றால், முதலில் ஒரே பக்கத்தில் முக்கியமானதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கலாம். மறுநாள் குடும்பம் கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு ஆய்வு டாக்டர் வந்து உட்கார்ந்து முழுவதையும் விளக்கி, தொடர விருப்பமா என்று மறுபடி கேட்கவேண்டும். உங்கள் விஷயத்தில் அப்படி யாரும் வந்து விளக்கியதாகக் கடிதத்தில் இல்லை. வரவில்லையென்றால் அது அவர்கள் பக்கத்துப் பிழை. நெறிமுறைக் குழுவுக்கு எழுதும்போது இதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அடுத்து வரும் குடும்பங்களுக்காவது நடைமுறை மாறும்.

அப்பாவைக் கேட்டீர்களா?

நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அண்ணன் என்ன நினைக்கிறார், அம்மா என்ன சொல்லி அழுதார் என்று எல்லாம் இருக்கிறது. அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவருக்குச் சொல்வதெல்லாம் புரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அன்று நீங்கள் கையெழுத்துப் போட்டது அவருக்குப் பதிலாக. அவரால் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடியும் என்ற நிலை வந்துவிட்டால், தொடர்வதா விலகுவதா என்ற முடிவு அவருடையது. மயக்கத்திலிருந்தோ மனக் குழப்பத்திலிருந்தோ தெளிந்தவரிடம் மறுபடி சம்மதம் வாங்கவேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. பேச்சு வராதது வேறு, புத்தி தெளிவில்லாதது வேறு. இடது மூளையில் அடைப்பு வந்தவர்களுக்குச் சொல் வாயில் சிக்கிக்கொள்ளும். உள்ளே ஆள் முழுசாக இருப்பார்.

ஸ்பீச் தெரபிஸ்டைக் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். நீளமாக விளக்காமல் ஒரு நேரத்தில் ஒரே செய்தி. "ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வில் உங்களைச் சேர்த்தோம்." நிறுத்துங்கள், முகத்தைப் பாருங்கள். "கூடுதலாக ஒரு மருந்து. அது மருந்தா, சலைனா என்று தெரியாது." மறுபடி நிறுத்துங்கள். "தொடரலாமா?" ஆம், இல்லை என்று இரண்டு அட்டை எழுதி இடது கைக்கு எட்டும்படி வைத்தால் போதும். பதில் சரிதானா என்று உறுதி செய்ய அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு, "விட்டுவிடலாமா?" என்றும் கேளுங்கள். டி.வி.யை அணைத்துவிடுங்கள். அண்ணனும் கூடவே இருக்கட்டும், ஆனால் பதிலுக்கு நடுவில் யாரும் பேசவேண்டாம். இந்த ஒரு காரியம் உங்கள் வீட்டுச் சண்டையில் பாதியைத் தீர்த்துவிடும் என்று நினைக்கிறேன்.

விலகுவதும் இழப்பீடும்

எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காகச் சிகிச்சையையோ ரிவியூவையோ பிசியோதெரபியையோ குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. யாராவது ஜாடையாக மிரட்டினால்கூட எழுத்தில் புகார் கொடுங்கள். ஆனால் இரண்டு மாதம் ஆகிவிட்டதால் ஆய்வு மருந்து எப்போதோ முடிந்திருக்கும். இனி பாக்கி இருப்பது அநேகமாக மூன்றாம் மாதப் பரிசோதனைதான். எவ்வளவு நடக்கிறார், எதற்கெல்லாம் உதவி வேண்டியிருக்கிறது என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அதில் ஊசி கிடையாது, ஆபத்து கிடையாது. ஆய்வுக்கு உயிரே அந்த மதிப்பெண்தான். விலகுவது உங்கள் உரிமை. என்னைக் கேட்டால், அப்பாவுக்குச் சம்மதம் என்றால் அந்த ஒரு பரிசோதனைக்குப் போய்வரலாம் என்பேன். அவருக்குப் போனது மருந்தா சலைனா என்பதைப் பொதுவாக ஆய்வு முடிந்த பிறகுதான் சொல்வார்கள். முடிவு வந்ததும் எங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள். சிகிச்சைக்கு அவசியம் என்று ஆனால் அந்த ரகசியத்தை இடையிலேயே உடைத்துப் பார்க்கவும் வழி உண்டு.

இழப்பீட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இருக்கின்றன. ஆய்வால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சை தரவேண்டும். பாதிப்பு ஆய்வால் வந்ததுதான் என்று முடிவானால் பண இழப்பீடும் தரவேண்டும். மருந்தின் பக்கவிளைவு மட்டும் கணக்கில் வருவதில்லை. ஆய்வுத் திட்டத்தை மீறியது, கவனக்குறைவு, போலி மருந்து கொடுக்கும் ஆய்வில் வழக்கமான சிகிச்சையைக் கொடுக்காமல் விட்டது, இவையும் வரும். கடைசியாகச் சொன்னதை அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். அவர் பயப்படுவது எதைப் பற்றியோ, அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு வழக்கமான சிகிச்சை கொடுக்கப்பட்டதாகத் தெரிவதால், கை பலவீனத்தை மட்டும் காட்டி இழப்பீடு கேட்டால் நிற்காது. அது ஸ்ட்ரோக்கின் விளைவு. ஆய்வுக்காக உங்களிடம் தனியாகப் பணம் வாங்கினார்களா என்று பில்லை ஒருமுறை பாருங்கள். ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனைக்கோ கட்டணம் போட்டிருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

போலீஸ் ஸ்டேஷன் இப்போதைக்கு வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. உங்களுக்கும் அலைச்சல்தான் மிஞ்சும். முதலில் ஆய்வு டாக்டர், அடுத்து நெறிமுறைக் குழு. பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதன் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே, நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே மருந்து ஏறியதாகத் தெரிந்தாலோ, கையெழுத்து உங்களுடையது இல்லை என்று தோன்றினாலோ, உடனே வக்கீலைப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் நான் சொல்வதும் வேறாக இருக்கும்.

கம்பி விட்டுக் கட்டியை எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2015-ல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள்தான் அந்தச் சிகிச்சையை நிலைநாட்டின. ஆனால் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால்தான் அதற்கு வேலை. நுண்ணிய குழாயில் அடைப்பு என்றால் கம்பி அங்கே போகாது. ஸ்கேனோடு ஆஞ்சியோகிராம் எடுத்தார்களா, எந்தக் குழாயில் அடைப்பு என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். ரிவியூவின்போது கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

அம்மாவிடம் ஒரு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள். வாய் கோணி, பேச்சு குழறினால் காபி, தண்ணீர், ரசம், தேன், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது. விழுங்கும் தசையும் விழுந்திருக்கும், உள்ளே போவது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். அவர் பதறிப்போய்ச் செய்தார், அதைக் குற்றமாகச் சொல்லவேண்டாம். இன்னொரு முறை என்றால் ஆட்டோ வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது, ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்" என்று அந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று சொல்வதும் முக்கியம். ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுத்துவந்தார் என்று நீங்கள் சொல்லியிருந்தால், ஊசி போடலாமா கூடாதா என்பதை டாக்டர் ஸ்கேனோடு அந்தத் தகவலையும் வைத்துத்தான் முடிவு செய்திருப்பார்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கும். அதற்கு அண்ணனும் விடுப்பு எடுத்துக்கொண்டு வரட்டும், படிவத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் போங்கள். அதுவரை பிரஷர் மாத்திரையை அப்பாவின் இஷ்டத்துக்கு விடவேண்டாம். ஸ்ட்ரோக் மறுபடி வரும் ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம். காலையில் யார் எடுத்துக் கொடுப்பது, ராத்திரி யார் என்று இன்றே பேசி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஆய்வு டாக்டர் கேட்கிறாரோ இல்லையோ, அப்பாவைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் அந்த நோட்டைக் கட்டாயம் கேட்பார்.